கைபேசியில் நூலகம்

மாணவன் நூலகத்துக்கு வராவிட்டால், நூலகம் மாணவனைத் தேடிப் போக வேண்டும். பல்கலைக் கழக நூலகங்கள் இன்று யூடியூப், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் வழியே அதைத்தான் செய்கின்றன. 2010-ல் அமெரிக்காவின் பிரிகாம் யங் பல்கலைக் கழக நூலகத்துக்காக, பிரபல விளம்பரம் ஒன்றைப் பின்பற்றி வேடிக்கையாக எடுத்த படத்தை யூடியூபில் பல லட்சம் பேர் பார்த்தனர். நல்ல முயற்சி.

ஆனால் படம் பார்ப்பவரெல்லாம் புத்தகம் எடுப்பவர் அல்லர். பண்டிகை வாழ்த்தும் விழா மேடைப் படங்களும் மாணவனுக்குப் பயன்படா. நூலகம் எத்தனை மணி வரை திறந்திருக்கும், கேட்ட புத்தகம் இருக்கிறதா, வீட்டிலிருந்தே எதைப் படிக்கலாம் என்ற கேள்விகளுக்கு அன்றே பதில் வேண்டும். வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் பிள்ளை, அரை நாள் லீவு போட்டு வந்து வெறுங்கையோடு திரும்பினால் கூலியும் நஷ்டம், படிப்பும் நஷ்டம்.

வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்று 1931-லேயே விதி வகுத்தவர், சென்னைப் பல்கலைக் கழக நூலகராக இருந்த எஸ். ஆர். ரங்கநாதன். 1962-ல் பெங்களூரில் ஆவண ஆராய்ச்சிப் பயிற்சி மையம் கண்டவரும் அவரே. ஆகஸ்ட் 12, நூலகர் தினத்தன்று அவர் படத்தைப் போட்டால் மட்டும் போதாது. மாணவர் கேட்பதற்குப் பதில் எழுதவென்றே நூலகர் ஒருவரைப் பல்கலைக் கழகங்கள் நியமிக்க வேண்டும்.