தண்டமா... தண்டாலா?

எங்கள் வீட்டுக் கொடியில் இரண்டு சாண்டோ தொங்குகிறது. பனியனைச் சொல்கிறேன், பயப்படாதீர்கள்! உள்ளே இருக்கவேண்டிய ஆசாமிதான் மிஸ்ஸிங்.

சாண்டோ என்பது நிஜமாகவே ஒரு மனிதரின் பெயர். யூஜின் சாண்டோ, 1867-ல் அன்றைய பிரஷ்யாவில் பிறந்த பயில்வான். மேடையில் தசையைக் காட்டியே உலகம் சுற்றினார். 1905 வாக்கில் இந்தியாவுக்கும் வந்தார். அவர் போன பிறகும் பெயர் இங்கேயே தங்கிவிட்டது. பலசாலிகளுக்குப் பட்டமாக முதலில். அப்புறம் என்னைப் போன்றவர்களுக்குப் பனியனாக.

நான் பி.காம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டைச் சுற்றியுள்ள நாலைந்து பட்டறைகளுக்கு ஜி.எஸ்.டி. கணக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, மிச்ச நேரத்தில் இப்படி உங்களைப் படுத்துகிறவன். நாள் முழுக்க நான் தூக்குகிற கனமான பொருள் கால்குலேட்டர். சுற்றிலும் இரும்புக் கம்பி உருட்டுகிற ஆலைகள். கம்பி ஊருக்கு நடுவே ஒரு வாழைத்தண்டு!

முப்பதைத் தாண்டியதும் ஒரு ஜனவரியில் ஞானோதயம் வந்து, ஜிம்மில் சேர்ந்தேன். ஒரு வருஷத்துக்கு மொத்தமாகக் கட்டினால் டிஸ்கவுண்ட் என்றார்கள். டிஸ்கவுண்ட் என்று காதில் விழுந்தால் பி.காம். படித்தவனுக்குப் புத்தி வேலை செய்யாது. கட்டினேன். பதினோரு நாள் போனேன். சந்தாவைப் பதினொன்றால் வகுத்தேன். ஒரு நாள் ஜிம் செலவில் குடும்பத்தோடு பிரியாணி சாப்பிட்டிருக்கலாம். கணக்கில் 'தண்டம்' என்று தனித் தலைப்பே போட்டு எழுதி வைத்தேன்.

விஷயம் அதோடு முடிந்திருக்கும். போன ஐப்பசியில், ஒரு மழை ராத்திரி, அப்பா பாத்ரூம் வாசலில் வழுக்கி உட்கார்ந்துவிட்டார். வயசு 72. எடை எழுபது கிலோ. நல்லவேளை, அடி இல்லை. ஆனால் எழுந்திருக்க முடியவில்லை. அக்குளில் கை கொடுத்துத் தூக்கினேன். (தூக்கினேன் என்பது இலக்கணப்படி இறந்தகாலம். நடந்தது வேறு.) இடுப்பில் 'கடக்' என்று ஒரு சத்தம். இப்போது தரையில் இரண்டு பேர்!

அப்பா என் முகத்தைப் பார்த்தார். "உனக்கு ஒண்ணும் ஆகலியேடா?" என்றார்.

இடுப்பைவிட அந்தக் கேள்விதான் சார் வலித்தது.

மனைவி ஓடிப்போய் எதிர் வரிசை ரூமில் இருக்கும் பீகார் பையனைக் கூட்டி வந்தாள். ரோலிங் மில்லில் காண்ட்ராக்ட் வேலை. நைட் ஷிஃப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவன். ஆள் என்னைவிட ஒரு சுற்றுச் சின்னவன். வந்ததும் தூக்கிவிடவில்லை. "எங்கே வலி, பாபுஜி?" என்று தனக்குத் தெரிந்த தமிழில் விசாரித்தான். எங்கும் இல்லை என்று தெரிந்ததும் ஒரு நாற்காலியை எதிரே போட்டான். அப்பாவை ஒருக்களிக்க வைத்து, முட்டி போடச் செய்து, கைகளை நாற்காலியில் ஊன்றச் சொன்னான். பிறகு அவன் குந்தி உட்கார்ந்து, அவர் இடுப்பைப் பிடித்தபடி, முதுகை வளைக்காமல் கால் பலத்தில் எழுந்தான். அப்பாவும் எழுந்துவிட்டார்.

என்னையும் அதே முறையில்தான் எழுப்பினான் என்பதை எழுதியே ஆகவேண்டுமா? எழுதிவிட்டேன்.

இடுப்பு சரியானதும் கேட்டேன்: "எந்த ஜிம் தம்பி?"

"ஜிம் இல்லே அண்ணா. தண்ட், பைட்டக். மொட்டை மாடி."

தண்ட் என்றால் நம் தண்டால். பைட்டக் என்றால் பஸ்கி. வடக்கே மல்யுத்தக் களங்களில் காலம் காலமாக இதுதான் பாலபாடம். மாமன்னன் மாதிரி அங்கே கொண்டாடப்பட்ட காமா பயில்வான் (1878-1960) தினம் ஆயிரக்கணக்கில் தண்டாலும் பஸ்கியும் எடுத்தார் என்பார்கள். 1910-ல் லண்டனில் ஸிபிஸ்கோ என்கிற போலந்து மலையோடு மோதினார். அந்த மலை தரையில் கவிழ்ந்து படுத்துக்கொண்டு எழுந்திருக்கவே மறுத்ததால், இரண்டரை மணி நேரத்துக்கு மேல் இழுத்து டிராவானது. 1928-ல் பாட்டியாலாவில் மறுபடி மோதியபோது ஒரு நிமிஷத்துக்குள் கதை முடிந்தது!

நமக்கு எதற்கு ஆயிரம்? கணக்குப் பிள்ளை பாஷையில் சொல்கிறேன். தரையில் தண்டால் எடுக்கும்போது உங்கள் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைக் கைகள் தாங்குகின்றன. அறுபது கிலோ ஆசாமிக்கு நாற்பது கிலோ! முட்டியை ஊன்றிக்கொண்டால் ஏறக்குறைய பாதி. கையைக் கட்டில் விளிம்பில் வைத்தால் இன்னும் குறைவு. சுவரில் வைத்தால் மிகக் குறைவு. பலம் ஏறியதும் காலைத் தூக்கிக் கட்டிலில் வைத்தால் முக்கால் பங்கு. ஜிம்மில் தட்டு மாற்றுவார்கள்; நாம் கட்டிலை மாற்றுகிறோம், அவ்வளவுதான். 2017-ல் வெளியான ஒரு ஜப்பானிய ஆராய்ச்சியில், எட்டு வாரம் தண்டால் எடுத்தவர்களுக்கும் அதே அளவு பளுவை பெஞ்சில் படுத்துத் தூக்கியவர்களுக்கும் தசையும் பலமும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் ஏறியிருந்தன.

என் அட்டவணை இதோ. வாரம் மூன்று நாள், நாளுக்கு அரை மணி. (வாரம் இரண்டு நாளாவது தசைக்கு வேலை கொடுங்கள் என்று உலக சுகாதார நிறுவனமே 2020-ல் சொல்லியிருக்கிறது.)

ஒன்று, தண்டால். முதல் மாதம் எனக்குச் சுவர்தான்.

இரண்டு, பஸ்கி. பரீட்சைக்கு முன்னால் பிள்ளையாரிடமும், ரிசல்ட்டுக்குப் பின்னால் கணக்கு வாத்தியாரிடமும் போட்ட தோப்புக்கரணத்தின் அண்ணன். பழக்கம் விட்டுப்போனவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து, கை ஊன்றாமல் எழுந்தால் போதும். சுலபமானதும் தோள் பையில் ஐந்து கிலோ அரிசி.

மூன்று, இழுப்பது. தண்டால் தள்ளுகிற வேலை மட்டும்தான். முதுகுக்கு இழுக்கிற வேலை வேண்டும். பழைய வேட்டியை முறுக்கி, அசையாத தூணைச் சுற்றிப் போட்டு, இரு முனைகளையும் பிடித்துப் பின்னால் சாய்ந்து நெஞ்சைத் தூண் பக்கம் இழுங்கள். (நைந்த வேட்டி வேண்டாம். இடுப்புக் கதை உங்களுக்கும் வரும்!)

நான்கு, சுமப்பது. இருபது லிட்டர் தண்ணீர் கேன். நிரம்பினால் இருபது கிலோவுக்கு மேல். ஆரம்பத்தில் கால் கேன் போதும்.

ஒவ்வொன்றும் மூன்று தடவை. இன்னும் இரண்டு எடுக்க முடியும் என்கிறபோதே நிறுத்திவிட வேண்டும். வாரத்துக்கு ஒன்றிரண்டு கூட்டுங்கள், மூச்சை அடக்காதீர்கள். பி.பி., இதயக் கோளாறு, பழைய மூட்டு வலி உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இறங்கவேண்டாம். நெஞ்சு வலித்தாலோ தலை சுற்றினாலோ அந்த நிமிஷமே நிறுத்தம்.

புரோட்டீன் டப்பா வாங்கலாமா என்று கேட்காதீர்கள். உடம்பின் ஒவ்வொரு கிலோவுக்கும் தினம் 0.83 கிராம் புரதம் என்பது ஐ.சி.எம்.ஆர். 2020-ல் சொன்ன கணக்கு. அறுபது கிலோவுக்கு ஐம்பது கிராம். உடற்பயிற்சி செய்கிறவர்கள் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம். ஒரு முட்டையில் ஆறு கிராம். நூறு கிராம் வேர்க்கடலையில் இருபத்தைந்து. சுண்டல், பருப்பு, தயிர் எல்லாம் சேர்ந்தால் டப்பா இல்லாமலே டோட்டல் டேலி ஆகும்.

நானும் அந்தப் பையனும் சில நாள் மொட்டை மாடியில் சேர்ந்து எடுப்போம். அவன் நைட் ஷிஃப்ட் முடித்து வந்து ஐம்பது எடுப்பான். நான் எட்டுமணி நேரம் தூங்கி எழுந்து பன்னிரண்டு. என்னை முன்னால் ஆரம்பிக்கச் சொல்லிவிட்டு அவன் மெதுவாக எடுப்பான், எனக்கு வெட்கம் வரக்கூடாது என்று. அது எந்த ஜிம்மிலும் சொல்லித் தராத பலம்.

போன ஞாயிறு தண்ணீர் கேனை மாடிக்கு ஒரே மூச்சில் ஏற்றினேன். வராந்தாவில் உட்கார்ந்திருந்த அப்பா பார்த்துவிட்டார்.

"கேனைத் தூக்கறது பெரிசில்லடா. என்னைத் தூக்கு, பாப்போம்."

வேட்டியை மடித்துக் கட்டி, முறைப்படி குந்தி, கையை நீட்டினேன். அப்பா என் கையைத் தொடவில்லை. நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் தானாக எழுந்து நின்றார். தினம் பத்துத் தடவை, எனக்குத் தெரியாமல் எடுத்துக்கொண்டிருக்கிறார்!

"வேண்டாம்... நீ ரெடியா இருக்கியான்னுதான் பார்த்தேன்" என்று உள்ளே போய்விட்டார்.

இப்போதெல்லாம் சாண்டோ என் தோளிலிருந்து நழுவுவதில்லை.

(துவைத்துத் துவைத்துச் சுருங்கிவிட்டது என்கிறாள் மனைவி.)