ரெண்டு பலகையும் ஒரு கீலும்

பொட்டி தட்ட திருவனந்தபுரம் வந்து சேர்ந்த நம்மாட்கள் சிலருக்கு நட்சத்திரப் படம் எடுக்கும் ஆசை. இறக்குமதி மவுண்ட் விலையைக் கேட்டதும் ஆசை அடங்கிவிடுகிறது.

அடங்க வேண்டாம் மக்களே! ஜார்ஜ் ஹெய்க் 1975-லேயே வழி சொல்லிவிட்டார். ரெண்டு பலகை, ஒரு கீல், ஒரு மரைக்கம்பி. கீலிலிருந்து 228.5 மி.மீ. தள்ளி, சுற்றுக்கு 1 மி.மீ. ஏறும் கம்பியை மாட்டி நிமிடத்துக்கு ஒரு சுற்று திருப்பினால், பலகை பூமி சுழலும் வேகத்தில் திறக்கும். கேமராவும் வானத்தோடு நகரும்.

"இங்கே துருவ நட்சத்திரம் 8.5 பாகை உயரத்தில்தானே, தென்னை மறைக்குமே" என்பார்கள். மறைக்கட்டும். கீலை 8.5 பாகை சாய்த்து, திசைகாட்டி பார்த்து வடக்கே நிறுத்துங்கள். அகலக் கோண லென்ஸுக்கு ஓரிரு நிமிடம் தாராளமாகத் தாங்கும்.

சொல்லப்போனால் இந்தத் தாழ்வுதான் நமக்கு வரம். லண்டனில் உதிக்கவே உதிக்காத ஒமேகா செண்டாரி இங்கே 34 பாகை ஏறுகிறது.

சுவாதித் திருநாள் 1837-ல் வானாய்வகம் அமைத்த ஊர் இது. பள்ளிக்கு ஒரு பலகை செய்தால் என்ன? பூமி சுற்றுகிறது என்று மனப்பாடம் செய்யும் பிள்ளை, அதைத் தன் விரலால் திருப்பிப் பார்க்கட்டுமே!