வழக்கறிஞரை நியமித்தால் சட்ட உதவி முடிந்துவிடுமா?

சேஷாசலக் காட்டில் செம்மரம் வெட்டியதாகக் கைதாகும் ஜவ்வாது மலைத் தொழிலாளிக்கு இலவச வழக்கறிஞரை நியமித்தால் அரசின் கடமை தீர்ந்தது என்ற எண்ணம் சட்டப்புலத்தில் வேரூன்றியிருக்கிறது. அது தவறு. கைதாவது ஒருவர், நெருக்கடியில் தள்ளப்படுவது ஒரு குடும்பம்.

2013 டிசம்பரில் அக்காட்டில் வனத்துறையினர் இருவர் கொல்லப்பட்ட வழக்கில் தமிழகத் தொழிலாளர்கள் நூற்றுக்கணக்கில் கைதாயினர். 2016 மார்ச்சில் திருப்பதி நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. நீதி வென்றது என்போர், இடைப்பட்ட இரண்டு ஆண்டுகள் அவ்வீடுகளில் அடுப்பு எப்படி எரிந்தது என்று கேட்பதில்லை. விடுதலைத் தீர்ப்பு வட்டியைக் கட்டாது.

2015 ஏப்ரல் 7 அன்று, அன்றைய சித்தூர் மாவட்டத்தில் திருப்பதியை ஒட்டிய காட்டில், ஆந்திரச் சிறப்புப் படையினர் 20 தமிழகத் தொழிலாளர்களைச் சுட்டுக் கொன்றனர். தற்காப்புக்காகச் சுட்டதாகக் காவல்துறை கூறியது. அதை ஏற்காமல் மறு உடற்கூறாய்வு கோரி நீதிமன்றம் ஏறியோர், உடல்களை அடக்கம் செய்யாமல் காத்திருந்த ஏழைக் குடும்பத்தினர். துக்க வீடே வழக்காடவும் வேண்டியிருந்தது.

சட்டத்தில் குறையில்லை. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின் 12ஆம் பிரிவு காவலில் இருப்பவருக்கும், பழங்குடியினருக்கும், பெண்களுக்கும் சட்ட உதவி பெறும் தகுதியை அளிக்கிறது. சிறையிலிருப்பவரின் மனைவி தம் சொந்த உரிமையிலேயே தகுதியுடையவர். ஆனால் வழக்கு ஆந்திர ஆணையத்தின் எல்லையில். வீடு தமிழக ஆணையத்தின் எல்லையில். வழக்குத் தாள்கள் தெலுங்கில். பிணை கிடைத்தாலும் உள்ளூர் ஜாமீன்தாரர் இல்லை. வெளி மாவட்டத்தவர் என்பதற்காக ஜாமீன்தாரரை மறுக்கக் கூடாதென மோத்தி ராம் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1978இலேயே சொல்லிவிட்டது. அதை எடுத்துக்காட்டி வாதாட ஆள் வேண்டுமே!

1997இல் தொடங்கப்பட்ட நியூயார்க்கின் பிராங்க்ஸ் டிஃபெண்டர்ஸ் அமைப்பு குற்றவியல் வழக்கறிஞர், குடும்பநல வழக்கறிஞர், சமூகப் பணியாளர் ஆகியோரை ஒரே குழுவாக இயக்குகிறது. வழக்கோடு வீட்டையும் கவனிப்பதே அதன் முறை.

இத்தகைய உதவி கடத்தலுக்குத் துணைபோகும் என்பது போலி வாதம். கடத்தலின் கொள்ளை இலாபம் கூலிக்காரரின் குடிசைக்கு வருவதில்லை. குற்றம் செய்தவரின் பிள்ளைக்கும் பசிக்கும்.

தேவை இதுதான்: இரு மாநில ஆணையங்களும் இணைந்து நடத்தும் ஒரு கூட்டு மையம். திருப்பதியில் தமிழறிந்த வழக்கறிஞரும் மொழிபெயர்ப்பாளரும். ஜமுனாமரத்தூரில் ஜாமீன், கடன், பிள்ளைகளின் கல்வி ஆகியவற்றைக் கவனிக்கும் பணியாளர். இதற்குப் புதிய சட்டம் வேண்டியதில்லை. இரு ஆணையங்களும் ஒரே மேசையில் அமர்ந்தால் போதும்.