கல்தொட்டிக்கு யாரு தண்ணி ஊத்துவா?

கோவில்பட்டிக்குப் பக்கம் எங்க ஊர்க் கிணத்தடியில ஒரு கல்தொட்டி கிடக்கு. ஒரே கல்லைக் குடைஞ்சது. கமலை இறைச்ச காலத்துல மாடுக அதுலதான் தண்ணி குடிக்கும். பக்கத்துலயே உடம்பு சொறிய ஆவுரிஞ்சிக் கல். மாட்டுக்கு அரிக்குமேன்னு கூட யோசிச்சிருக்காங்க பாருங்க!

போன மாசம் பார்த்தா தொட்டி நிறையக் குப்பை. "பங்களாவுல செடி வைக்கணும்னு விலை கேட்டு வந்தாங்க, குடுத்துரலாமா?"ன்னார் பெரியப்பா. எனக்கு வயிறு எரிஞ்சது.

ஒரே பாறையில செதுக்குன கழுகுமலை வெட்டுவான் கோயிலை 1200 வருசம் கழிச்சும் கொண்டாடுறோம். நல்லது. ஆனா தொட்டிக்கு வேலியும் பலகையும் வேண்டாம், தண்ணி ஊத்துனாலே பிழைச்சுக்கும். டிராக்டர் வந்து உழவு மாடு போயிருச்சு, வாஸ்தவம். ஆடும் கறவையும் இருக்குல்ல? கோடையில கறவை மாடு ஒண்ணு நாளைக்கு 60 லிட்டருக்கு மேலயும் குடிக்கும். சீவலப்பேரியில இருந்து கோவில்பட்டிக்கே தாமிரபரணியக் கொண்டாந்தவங்க நாம. தெருக்குழாயில வீணாப் போறதைத் தொட்டிக்குத் திருப்ப முடியாதா?

"குடுக்காதீங்க பெரியப்பா"ன்னேன்.

"சரிப்பா, தினமும் தண்ணி யாரு ஊத்துவா, நீயா?"

சென்னையில உக்காந்து இதை எழுதுற எனக்குப் பதில் தெரியலை. உங்க ஊர்த் தொட்டிக்கு யாருங்க ஊத்துறா?