வெல்டர் எண்ணும் தகட்டு எண்ணும்

1943 ஜனவரி 16 இரவு. அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில், போர்ட்லண்ட் நகரின் ஸ்வான் ஐலண்ட் கப்பல் கட்டும் தளத்தில் நிறுத்தியிருந்த 'ஸ்கெனெக்டடி' எண்ணெய்க் கப்பல் பெருஞ்சத்தத்தோடு பிளந்தது. புயலில்லை, அலையில்லை, வெள்ளோட்டம் முடித்துத் திரும்பிய புத்தம்புதுக் கப்பல். மேல்தளமும் இரு பக்கங்களும் கிழிந்துபோக, அடித்தகடுகள் மட்டும் தாங்கிப் பிடித்தன. முன்பகுதியும் பின்பகுதியும் தாழ்ந்து, நடுப்பகுதி நீருக்கு மேலே எழும்பிவிட்டது.

ஹென்றி கெய்சரின் அந்தத் தளம் கட்டி முடித்த முதல் கப்பல் அதுதான். ஏறத்தாழ 160 மீட்டர் நீளம். 1942 ஜூலையில் ஏரா வைத்து, டிசம்பர் 31-ல் முடித்துவிட்டார்கள். போர்க்கால அவசரம். அந்தத் தளத்தில் வேலை செய்தவர்களில் பலர் அதற்குமுன் கப்பலையே தொட்டறியாதவர்கள். ஏராளமான பெண்கள் வெல்டிங் ராடு பிடித்தார்கள். தெற்கிலிருந்து வந்த கறுப்பினத் தொழிலாளர்களைக் கொதிகலன் தொழிலாளர் சங்கம் முழு உறுப்பினராகச் சேர்க்காமல் தனிக்கிளையில் ஒதுக்கிவைத்திருந்தது.

கப்பல் பிளந்ததும் பழி வெல்டர்களின் கைமேல் விழுந்தது. கடலோரக் காவல் படையின் அறிக்கை வெல்டிங்கைக் குறை சொன்னது. வெல்டிங் கற்றுத்தரும் எனக்கு இதில் மனம் ஆறவில்லை. ஜாயின்ட்டுகளில் குறை இருந்த இடங்களும் உண்டு, அதை மறைக்க மாட்டேன். ஆனால் ஒரு சிறு கீறல் கப்பலையே பிளக்க வேண்டுமென்றால் எஃகும் துணைபோக வேண்டும். அன்றிரவு காற்று உறைநிலைக்குக் கீழே இருந்தது. அந்தக் காலத்துக் கப்பல் எஃகு ஒரு குறிப்பிட்ட குளிருக்குக் கீழே வளைந்துகொடுக்காது, கண்ணாடியாக உடையும் என்பதைக் கேம்பிரிட்ஜில் கான்ஸ்டன்ஸ் டிப்பர் ஆய்ந்து காட்டினார். ரிவெட் அடித்த கப்பலில் விரிசல் ஒரு தகட்டின் விளிம்போடு நின்றுவிடக்கூடும்; வெல்டிங் செய்த உடல் முழுக்க ஒன்றாக இருப்பதால் அது தடையின்றி ஓடும். தகட்டைத் தேர்ந்தவர் வெல்டர் அல்ல. 1943 மார்ச்சில் ட்ரூமன் தலைமையிலான செனட் குழு, ஒரு பெரிய உருக்காலையில் சோதனை முடிவுகளையே மாற்றி எழுதியதை அம்பலப்படுத்தியது.

அதே தளத்தில் 1944-ல் கட்டிய 'பெண்டில்டன்' 1952 பிப்ரவரி 18 அன்று கேப் காட் அருகே குளிர்காலப் புயலில் இரண்டாக முறிந்தது. கடலோரக் காவல் படையின் பெர்னி வெப்பரும் மூன்று தோழர்களும் ஒரு சிறு படகில் போய் 32 பேரைக் காப்பாற்றினார்கள். முன்பகுதியில் இருந்த எட்டுப் பேரும் இறந்தார்கள்.

இன்றும் பட்டறைகளில் ஜாயின்ட் பக்கத்தில் வெல்டரின் எண் இருக்கும், தகட்டின்மேல் அது எந்த உருக்கு வார்ப்பிலிருந்து வந்தது என்று காட்டும் ஹீட் நம்பர் இருக்கும். உடைந்தால் முதலில் தேடுவது வெல்டரின் எண்ணைத்தான். என்னிடம் படித்த ஒரு பையனை இப்படித்தான் வேலையைவிட்டு அனுப்பினார்கள். தகட்டை யாரும் சோதிக்கவேயில்லை. விசாரணை அறிக்கையின் முதல் பக்கத்திலேயே இரண்டு எண்களும் இடம்பெற வேண்டும். உடைந்த தகட்டிலிருந்து துண்டு வெட்டி, அது வேலை செய்த குளிரிலேயே சோதித்து முடிவு வரும்வரை எந்த வெல்டரின் சான்றிதழிலும் கை வைக்கக் கூடாது.