கோடைத் தோட்டத்தின் வரவும் செலவும்

சோழகக் காற்று வீசத் தொடங்கியதும், யாழ்ப்பாணத்து வளவுகளிற் செடி வளர்ப்போருக்குக் காலையில் மகிழ்ச்சியும் மாலையிற் கவலையும் மாறி மாறி வருகின்றன. விடியலிற் பொன்னிறமாய் விரிந்த பூசணிப்பூ உச்சிவேளைக்குள் சுருங்கிவிடுகிறது. நேற்று நிமிர்ந்து நின்ற கத்தரிக் குருத்து இன்று தலைசாய்ந்து கிடக்கிறது.

இவற்றுட் பலவற்றுக்குப் பரிகாரம் உண்டு. பூசணியிற் பூ நிறைந்திருந்தும் பிஞ்சு பிடிக்கவில்லையே என ஏங்குவோர் பலர். அக்கொடியில் ஆண்பூவும் பெண்பூவும் வெவ்வேறாகவே மலர்கின்றன; அடியிற் சிறு காய்போல் திரண்டிருப்பது பெண்பூ. தேனீ வராத வளவில், காலையில் ஆண்பூவொன்றைப் பறித்து அதன் மகரந்தத்தைப் பெண்பூவின் நடுவிலே தொட்டுவிட்டாற் போதும். தாவரவியல் கற்கும் மாணவர்கள் இதனைத் தாமே செய்து பார்க்கலாம்.

கத்தரியின் குருத்து வாடித் தொங்கினால் உள்ளே புழு புகுந்துவிட்டதென அறியலாம். வாடிய பகுதிக்குச் சற்றுக் கீழே வெட்டி எரித்துவிடவேண்டும். தாமதித்தாற் காயிலும் துளை விழும். பாகற்பிஞ்சைக் கடதாசியாற் சுற்றிக் கட்டினாற் பழ ஈ அணுகாது. புடலம்பிஞ்சு சுருளாதிருக்க அதன் நுனியிற் சிறு கல்லைக் கட்டித் தொங்கவிடுவது எம்மவர் பழைய வழக்கம். நாளுக்கு நாள் அது நீள்வதை அளந்து பார்ப்பது பிள்ளைகளுக்கு நல்ல விளையாட்டு. மிளகாயிற் குருமன் கண்டுவிட்டால் மட்டும் மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு அச்செடியைப் பிடுங்கிவிடுவதே மற்றவற்றுக்கு நன்மை.

இத்தனை பாடு எதற்கு, சந்தையில் வாங்கலாமே எனச் சிலர் கேட்பர். அதற்கு விடையை 2022ஆம் ஆண்டு தந்தது. பொருளாதார நெருக்கடி நாட்டை வாட்டிய அவ்வேளை, உணவு பயிரிடுவதற்கென அரச ஊழியர்க்கு வெள்ளிக்கிழமை விடுமுறை வழங்க யூன் மாதத்தில் அரசாங்கம் தீர்மானித்தது. வேலியோர முருங்கையும் கிணற்றடி வாழையும் எத்தகைய செல்வம் என்பதை அன்று பல இல்லங்கள் உணர்ந்தன.

ஆயினும் கோடைத் தோட்டத்தின் உண்மையான செலவு விதையுமன்று, உரமுமன்று, தண்ணீரே. எமது குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. வழுக்கையாறு மாரியில் மட்டுமே ஓடுவது. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழைநீர் சுண்ணாம்புக் கற்பாறையினூடே இறங்கி, கீழேயுள்ள உவர்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. புத்தூருக்கு அண்மையிலுள்ள நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பது இதற்குச் சான்று. நன்னீர் மட்டம் கடல் மட்டத்துக்கு மேலே ஓரடி உயர்ந்திருந்தால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடிவரை நன்னீர் நிற்கும் என்பது நிலநீரியற் கணக்கு. ஆகவே மேல்மட்டம் ஓரடி தாழ்ந்து நிலைத்துவிட்டால், அடியிலிருந்து உவர் ஏறத்தாழ 40 அடி ஏறிவர இடமுண்டு.

துலா மிதித்து இறைத்த நாளில் துலாவில் நடப்பவர், பட்டை பிடிப்பவர், பாத்திக்குத் தண்ணீர் மாறுபவர் என மூவர் வேண்டியிருந்தது. அம்மூவரின் களைப்பே கிணற்றுக்குக் காவலாயிருந்தது. நீரிறைக்கும் யந்திரம் வந்தபின் உடல் நோவு நீங்கியது, காவலும் நீங்கியது. அக்காவலை இனி எமது அறிவே செய்யவேண்டும்.

உரத்திலும் இதே அவதானம் வேண்டும். அளவுக்கு மிஞ்சி இட்ட யூரியா வேருக்குப் பயன்படாது கிணற்றையே சேர்கிறது. வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று, லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற பாதுகாப்பு எல்லையை மீறியுள்ளதை ஆய்வுகள் காட்டியுள்ளன. அந்நீரிற் பால்மா கரைத்துக் கொடுப்பது பச்சிளங் குழந்தைகளுக்குத் தீங்காகும். பூவரசங் குழையும் பழைய பனையோலையும் தாழ்த்து நிலத்தை வளப்படுத்திய முன்னோர் வழக்கம் இன்றும் கைகொடுக்கக் கூடியதே.

ஆதலால், வெயில் தாழ்ந்த பின்னரே நீர் ஊற்றுங்கள். செடியடியைச் சருகினால் மூடுங்கள். அரிசி கழுவிய நீரையும் குளித்த நீரையும் வாழைக்கு விடுங்கள். மாணவர்கள் ஒரு கயிற்றில் அடிக்கொரு முடிச்சிட்டு, நுனியிற் கல்லைக் கட்டி, ஆனி முதற் புரட்டாதி வரை ஞாயிறுதோறும் கிணற்று நீர்மட்டத்தை அளந்து கொப்பியிற் குறித்து வரட்டும். பறித்த காய்களின் எண்ணிக்கையை அதற்குப் பக்கத்தில் அம்மா எழுதட்டும். கத்தரி இரண்டு குறைந்தாலும் அடுத்த போகத்திற் பெற்றுக்கொள்ளலாம். கிணறு ஒருமுறை உவர்த்துவிட்டால், அதனை நன்னீராக்க எத்தனை மாரி வேண்டுமோ!