ஷோரூமில் இருப்பதை வாங்குவதா, தேவையானதைக் கேட்டு வாங்குவதா?

"சீனச் சாமான்தானே, இவ்வளவு நாள் பாவித்ததே பெரிய விஷயம்!" எமது கடைவீதிகளில் வாடிக்கையாளர் மட்டுமல்ல, சில வேளைகளில் அதை விற்கும் வியாபாரியே இப்படித்தான் சொல்கிறார். ஆனால், சாமானின் தரத்தைத் தீர்மானிப்பது தொழிற்சாலை மட்டுமல்ல. ஓடர் கொடுப்பவருக்கும் அதில் பெரும் பங்குண்டு என்பதே என் கருத்து.

பீங்கான் வியாபாரத்தின் வரலாறு இதற்கு நல்ல சான்று. 14ஆம் நூற்றாண்டில் சீனாவின் ஜிங்டெசென் நகரில் வெள்ளைப் பீங்கானில் நீல வேலைப்பாடு செய்த பெரிய தட்டுகள் செய்யப்பட்டன. சில ஒன்றரை அடி அகலமானவை. சிறிய கிண்ணங்களில் சாப்பிடும் சீனர்களுக்கு அவ்வளவு பெரிய தட்டு தேவைப்படவில்லை. அவை பெரும்பாலும் மேற்காசிய முஸ்லிம்களுக்காகச் செய்யப்பட்டவை. ஒரே தட்டைச் சுற்றி அமர்ந்து பலர் சாப்பிடுவது அவர்களது வழக்கம். சஹனில் சாப்பிட்டுப் பழகிய எமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

நீல நிறத்துக்கான கோபால்ட் பாரசீகத்திலிருந்து சீனாவுக்குச் சென்றது. தட்டை நிறைத்த கோலங்களும் மேற்காசிய ரசனைக்கு ஏற்றவையாக இருந்தன. சுவான்சோ போன்ற துறைமுகங்களில் குடியிருந்த முஸ்லிம் வர்த்தகர்கள் இந்த வியாபாரத்தில் முக்கிய பங்கு வகித்தார்கள். இஸ்தான்பூலின் தொப்காபி மாளிகையில் இன்றும் 10,000க்கும் அதிகமான சீனப் பீங்கான்கள் உள்ளன.

பின்னர் வந்த ஒல்லாந்தக் கம்பனியும் இதே வழியில்தான் சென்றது. தமது நாட்டவர் பாவிக்கும் பாத்திரங்களின் வடிவங்களை மரத்தில் செய்து, 1635இல் மாதிரியாகச் சீனர்களிடம் கொடுத்தது. 1644இல் மிங் ஆட்சி வீழ்ந்து, போரினால் சரக்கு வருவது தடைப்பட்டபோது கம்பனி கைகட்டி நிற்கவில்லை. 1659இல் ஜப்பானின் அரிதா பகுதிப் பீங்கானுக்குப் பெரிய ஓடர் கொடுத்தது. ஒரே இடத்தை நம்பியிருக்கும் வியாபாரம் ஆபத்தானது என்பதும் இதில் ஒரு பாடம்.

இன்று எமது சகோதரர்கள் குவாங்சோவுக்கும் யிவுவுக்கும் போகிறார்கள். ஷோரூமில் இருப்பதில் விலை குறைந்ததைக் காட்டி, "இன்னும் குறைக்க முடியுமா?" என்று கேட்கிறார்கள். தொழிற்சாலையும் குறைக்கிறது: மண்ணில், மெருகில், பொதி செய்யும் பெட்டியில்! பக்கத்துக் கடைக்காரரும் அதே கோப்பையைக் கொண்டு வந்திருப்பார். பிறகு இருவரும் ஐந்து ரூபாவுக்கும் பத்து ரூபாவுக்கும் போட்டி போட்டு இலாபத்தை இழக்கிறார்கள்.

சிறிய வியாபாரி எப்படித் தனியாக ஓடர் கொடுப்பது என்ற கேள்வி நியாயமானது. தொழிற்சாலைகள் குறைந்தபட்ச அளவொன்றைக் கேட்கும். நாலைந்து பேர் கூட்டாகச் சேர்ந்தால் அது முடியாத காரியமல்ல. உதாரணமாக, எமது வலீமாக்களுக்கான சஹன் தட்டு எத்தனை பேருக்கு, விளிம்பு எவ்வளவு உயரம், ஒன்றன்மேல் ஒன்று அடுக்க முடியுமா என்பதை எம்மைவிட யார் அறிவார்? அதை எழுதிக் கொடுத்து, மாதிரியைப் பார்த்து ஒப்புக்கொண்டு, கப்பலேற்ற முன் சரக்கைப் பரிசோதித்து எடுக்க வேண்டும். உடைவுக்கு யார் பொறுப்பு என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும்.

மெருகிலும் வர்ணத்திலும் இருந்து உணவில் ஈயம் கலக்காது என்பதற்கான பரிசோதனை அறிக்கையைக் கேட்பதும் அவசியம். மக்கள் உணவு உண்ணும் பாத்திரத்தை விற்பது ஓர் அமானிதம். ஈரத் தானியத்தை அடியில் மறைத்து விற்ற வியாபாரியை நபி (ஸல்) அவர்கள் கண்டித்த சம்பவம் நாம் அறிந்ததே.

விலையை மட்டும் கேட்டால் அந்த விலைக்கேற்ற சாமான்தான் வரும். அடுத்த பயணத்துக்கு முன் எமது வாடிக்கையாளருக்கு என்ன தேவை என்பதை ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்வோம். இன்ஷா அல்லாஹ், அந்த வியாபாரத்தில் பரகத் கிடைக்கும்.